வெளிநாட்டில் பதிவான கம்பெனிக்கு எந்த நாடு துணை நிற்கும்?

பங்குதாரர்கள் ஒரு நாட்டினர், கம்பெனி பதிவானது வேறு நாட்டில். மூன்றாவது நாடு அதை முடக்கினால் பங்குதாரர்களின் அரசு வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக முடியாது. பதிவான நாட்டுக்குத்தான் அந்த உரிமை.

பார்சலோனா டிராக்‌ஷன் வழக்கைப் பாருங்கள். 1911-ல் கனடாவில் பதிவாகி, ஸ்பெயினில் மின்சாரத் தொழில் நடத்திய கம்பெனி. 1948-ல் ஸ்பெயின் நீதிமன்றம் ஒன்று அதைத் திவால் என்று அறிவித்தது. பெரும்பாலான பங்குகள் தன் மக்களுடையவை என்று பெல்ஜியம் சர்வதேச நீதிமன்றம் போனது. 1970-ல் 15-க்கு 1 என்ற கணக்கில் வழக்கு தள்ளுபடி. பங்குதாரருக்கு நஷ்டம் வந்திருக்கலாம், ஆனால் உரிமை கம்பெனியுடையது என்றது தீர்ப்பு. கனடாவோ ஏற்கெனவே ஒதுங்கிவிட்டது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரி, வேறு வழி? நாடுகளுக்கிடையே முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், பல நேரங்களில் பங்குதாரரே நடுவர் மன்றம் போகலாம். அந்த ஒப்பந்தத்தில் ‘முதலீட்டாளர்’ யார் என்ற வரையறையை முதலில் படியுங்கள்.