‘ஃபீல்டு’ எங்கே புலம், எங்கே களம்?

வேளச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை எழுதியிருக்கிறார். பல துறைப் பாடக் குறிப்புகளைத் தமிழாக்கித் தொகுக்கிறார். ‘ஃபீல்டு’ என்பதற்கு இயற்பியலில் ‘புலம்’, கணிதத்தில் ‘களம்’, சமூகப்பணியில் ‘களப்பணி’ என்று வருகிறது. மாணவர்கள் குழம்புகிறார்கள், எல்லாவற்றையும் ‘புலம்’ என்றே மாற்றிவிடலாமா என்பது அவர் கேள்வி.

தயவுசெய்து மாற்றாதீர்கள். அங்கே இருப்பவை வேறு வேறு கருத்துகள். ஆங்கிலத்தில் மட்டும்தான் பெயர் ஒன்று.

இயற்பியலில் புலம் என்றால், ஓர் இடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று பொருள். இந்த நொடியில் மெரினா முழுக்கக் காற்று எந்த வேகத்தில், எந்தத் திசையில் வீசுகிறது என்று புள்ளி புள்ளியாகக் குறித்தால், அது ஒரு புலம். மின்புலமும் காந்தப்புலமும் இப்படித்தான்.

கணிதக் களத்துக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது எண்களைப் போன்றவற்றின் ஒரு கணம், அதாவது தொகுப்பு. வழக்கமான விதிகளின்படி கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், பூச்சியம் தவிர்த்து எதனாலும் வகுக்கலாம். விடை அதற்குள்ளேயே இருக்கும். விகிதமுறு எண்கள், அதாவது முழுக்களின் பின்னமாக எழுத முடிகிற எண்கள், ஒரு களம். முழுக்கள் களம் ஆகாது. 1ஐ 2ஆல் வகுத்தாலே விடை வெளியே போய்விடுகிறது. ஜெர்மன் கணித அறிஞர் டெடிகிண்ட் 1871இல் இதற்கு வைத்த பெயர் ‘கோர்ப்பர்’, அதாவது உடல்! நிலத்தின் வாசனையே அதில் கிடையாது.

மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஸ்கேலார் ஃபீல்டு’ என்றால் திசையிலிப் புலம், அதாவது புள்ளிதோறும் திசை இல்லாத வெறும் அளவு; ஓர் அறையின் வெப்பநிலைப் பரவல் மாதிரி. ‘ஃபீல்டு ஆஃப் ஸ்கேலார்ஸ்’ என்றால் திசையிலிகளின் களம். வெக்டர்களைக் கூட்டவும் எண்ணால் பெருக்கவும் முடிகிற தொகுப்பான வெக்டர் வெளிக்கு அடிப்படையான எண் கணம். எல்லாவற்றையும் ‘புலம்’ ஆக்கினால் இந்த வேறுபாடு மங்கிவிடும். கணிதப் பாடத்திலேயே ‘வெக்டர் புலம்’ வரும் என்பதால், பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. வரையறையைப் படித்துத்தான் சொல்லைப் போட வேண்டும்.

சமூகப்பணிக்குக் களம்தான் சரி; நேரில் போய் வேலை செய்யும் இடம் அது. சமூகவியலில் பிரெஞ்சு அறிஞர் பூர்தியூ சொல்லும் ‘ஃபீல்டு’, ஆட்கள் போட்டி போடும் அரங்கு. போர்க்களம், தேர்தல் களம் என்று பழகிய நமக்கு அங்கும் களம் இயல்பாகப் பொருந்தும். தரவுத்தளத்தில் பெயர், பிறந்த தேதி என்று நிரப்பும் இடங்களுக்குப் புலம். கண் பரிசோதனையில் பார்வைப்புலம்.

புலத்துக்கே பல பொருள் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்டால் குறளைக் காட்டுங்கள். 85ஆம் குறளில் புலம் என்பது விளைநிலம். 343இல் ஐம்பொறிகள் நுகரும் புலன்.

அப்புறம், ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு குறிப்பின் முதல் பக்கத்திலும் சொல், துறை, ஒரு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு என்று சின்ன அட்டவணை போடுங்கள். சொல்லைத் தனியாகத் தராமல் மின்புலம், எண்களம், களப்பணி என்று கூட்டுச்சொல்லாகவே தாருங்கள். சந்தேகம் வந்தால் அரசின் ‘சொற்குவை’ தளத்தில் தேடலாம். கிடைக்கும் சொல் எந்தத் துறைக்கு உரியது என்பதையும் பார்த்துவிட்டு எடுங்கள்.