அட்ரிக் செத்ததுக்கு இப்ப வந்து அழுறாக்களுக்கு

போன ஞாயிறு உப்புவெளியில எங்கட வீட்டு மொட்டைமாடில புரொஜெக்டர் போட்டு ‘டொக்டர் ஹூ’ எண்ட இங்கிலீஷ் டிவி தொடரின்ட பழைய கதை ‘எர்த்ஷொக்’க நாலு பகுதியும் ஒரே இருப்பில பாத்தம், அதுல டொக்டரோட டார்டிஸ் எண்ட அவரின்ட டைம் மெசின்ல திரியிற அட்ரிக் எண்ட பொடியன் கடைசில ஒரு விண்வெளிக் கப்பலோட சேந்து வெடிச்சுப் போறான். முடிஞ்சதும் ஒருத்தரும் கதைக்காம எழும்பிப் போயிட்டீங்க, ஆனா விடிய போனத் திறந்தா ஒரே கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்ல ஏலாது, இதில வாசிங்க.

உவர்மலைத் தம்பி: அண்ணே, கடைசில பேர் ஓடேக்க ஏன் மியூசிக் வரல்ல? ஸ்பீக்கர்ல பிழையாக்கும் எண்டு வயரக் கூட ஆட்டிப் பாத்தன்.

அடேய் அது நீயா! ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்தது. 1982 மார்ச் 16 அந்தப் பகுதி ஓடினப்பவும் அப்பிடித்தான், வேணுமெண்டே சத்தமில்லாம விட்டவங்க. திரையில என்ன கிடந்தது எண்டு பாத்தியா? அட்ரிக்கின்ட பட்ஜ், கணக்கில கெட்டிக்காரன் எண்டு அவனுக்குக் குடுத்தது, விளிம்பு தங்கம். தங்கம் சைபர்மேனுக்கு (கதையில வாற எதிரிகள், பாதி மெசின் ஆக்கள்) ஆகாது, அதால டொக்டர் அத அவங்கட தலைவன் சைபர் லீடரின்ட நெஞ்சில வச்சு நசுக்கித் தேய்ச்சார், அந்த உடைஞ்ச துண்டுதான் நிலத்தில கிடக்குது, அதுக்கு மேலால பேரெல்லாம் சத்தமில்லாமப் போகுது. செத்த வீடு எண்டா பக்கத்து வீட்டுக்காரனும் ரேடியோவ நிப்பாட்டுவான்தானே, அதுமாதிரி.

தங்கச்சி ஒராள்: டைம் மெசின் கையில இருக்கு, ஒரு நிமிசம் முன்னால போய் அவனத் தூக்கிட்டு வந்தா முடிஞ்சுதே?

இதையேதான் அடுத்த கதையின்ட தொடக்கத்தில டொக்டரோட திரியிற மத்த ரெண்டு பேர், டீகனும் நிஸாவும், அவரக் கேக்கிறாங்க, அவர் கோவத்தோட ஏலாது எண்டிட்டார், சில விதி டார்டிஸ் இருந்தாலும் மீற ஏலாது எண்டு. கப்பல் விழேக்க காப்பாத்தப் போகாததுக்குக் காரணம் வேற, சைபர் லீடர் சுட்டதில டார்டிஸ ஓட்டுற கொன்சோல் பழுதாப் போயிட்டு. இன்னொண்டும் யோசிங்க, அந்தக் கப்பல் காலத்தில பின்னால போய் 6.5 கோடி வருசத்துக்கு முந்தின பூமியில விழுந்துதான் டைனோசர் அழியுது, விழாட்டி மனிசரே இல்ல, உப்புவெளியும் இல்ல. (அல்வாரெஸ் அப்பனும் மகனும் விண்கல் விழுந்துதான் டைனோசர் அழிஞ்சது எண்டு எழுதினது 1980, இவங்க ரெண்டே வருசத்தில அதக் கதைக்குள்ள போட்டிட்டாங்க.) எனக்கு இந்தத் தொடர்ல ஆகப் பிடிச்சதே அந்த ‘ஏலாது’தான். எங்கயும் போகலாம், எப்பவும் போகலாம் எண்டு 18 வருசத்துக்கு மேலா காட்டிக்கொண்டு வந்த ஆக்கள், அண்டைக்கு மட்டும் கதவச் சாத்தினாங்க.

பெயர் போடாத ஆள்: உண்மையச் சொல்லுங்க, அட்ரிக் ஒரு அலுப்பன்தானே? எனக்கு அவனக் கண்ணில காட்ட ஏலாது, பிறகு ஏன் கண் கலங்கினது?

அலுப்பன்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைப்பான், நிறையப் பேருக்கு அவனப் பிடிக்காது. இந்தக் கதையின்ட தொடக்கத்திலயே வீட்ட போகப்போறன் எண்டு டொக்டரோட சண்டை, பிறகு ராசியாகிறாங்க, எங்கட வீட்டில நடக்கிற சண்டைதான். ஆனா கடைசியப் பாருங்க, தப்பிற ஓடத்தில ஏறினவன், கதவு பூட்டேக்க வெளிய பாஞ்சிட்டான், சைபர்மேன் கப்பல ஓட்டுற கருவியில போட்ட மிச்சப் பூட்டையும் கணக்கால திறந்தா கப்பலத் திருப்பலாம் எண்டு. விடை கிட்டத்தட்ட வந்திட்டு, அந்த நேரம் பார்த்து சாகக்கிடந்த ஒரு சைபர்மேன் கீபோட்டச் சுட்டுப்போட்டான். அவன் கத்தேல்ல. செத்த அண்ணன்ட இடுப்புக் கயிறக் கையில பிடிச்சுக்கொண்டு, நான் போட்ட கணக்குச் சரியா பிழையா எண்டு இனித் தெரியவே வராது எண்ட மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சாகிற நேரமும் அவன் அதே அலுப்பன், அதாலதான் கண் கலங்கினது.

இவன்தான் முதல் செத்த கம்பேனியனா, டொக்டரோட திரியிற ஆக்களில?

இல்ல. 1965 டிசம்பர்ல கத்தரினா, டிராய் நகரத்துப் பிள்ளை, தன்னப் பிடிச்சு வச்சிருந்தவனோட சேத்து கப்பல் கதவத் திறந்து விண்வெளிக்குப் போயிட்டா. அடுத்த மாசமே சாரா கிங்டம் கிழவியாகித் தூளாப் போனா. ரெண்டு பேரும் செத்த அந்தக் கதை 12 பகுதி, கன பகுதிய அழிச்சுப்போட்டாங்க, அதால ஆக்கள் மறந்திட்டாங்க.

புதுத் தொடர்ல கம்பேனியன் கிளாராவும் செத்தவதானே, அவவுக்கு ஏன் நீங்க அழேல்ல?

அழுதனான் தங்கச்சி, 2015ல அவவக் கொல்ல வந்த காகம் அவவின்ட நெஞ்சுக்குள்ள பூந்தப்ப நல்லா அழுதனான். பிறகு டொக்டர் 450 கோடி வருசம் சுவரக் குத்திக் குத்தி வெளிய வந்து, அவவ கடைசி இதயத் துடிப்புக்கு முன்னால இழுத்தெடுத்திட்டார், அவ இப்ப வேற ஒரு டார்டிஸ்ல ஊர் சுத்துறா. பில் எண்ட இன்னொரு கம்பேனியனும் அப்பிடித்தான், சைபர்மேனாக்கிப்போட்டுப் பிறகு கூட்டிக்கொண்டு போயிட்டாங்க. நல்லாத்தான் எழுதியிருக்கு, ஆனா அழுத கண்ணீரத் திருப்பித் தாங்கடா எண்டு கேக்கோணும் போல இருந்தது.

அம்மா கேக்கிறா, இல்லாத ஒரு பொடியனுக்கு ஏன் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறாய் எண்டு. என்ன சொல்ல?

அம்மா பின்னேரம் பாக்கிற நாடகத்தில போன மாசம் மாமியார் செத்தப்ப அடுப்பில சோறு அடிப்பிடிச்ச கதைய நீதான் எனக்குச் சொன்னனீ. அத ஞாபகப்படுத்து.

வாற ஞாயிறு ‘டைம் ஃபிளைட்’. கதை சரியான அறுவை, கொன்கோர்ட் பிளேன் மட்டும் வடிவு. இடையில அட்ரிக் மாதிரி ஒரு உருவம் வந்து நிக்கும், ஒருத்தரும் நம்பிராதீங்க, அது அவன் இல்ல. தம்பி, வயரத் தொடாத.