முரண்களைக் காத்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விவிலியம், குர்ஆன், முக்கியமான உபநிடதங்கள் ஆகியவற்றைக் கடந்த ஓராண்டில் மொழிபெயர்ப்பில் வாசித்து முடித்தேன். விவிலியத்தின் முதல் பகுதியான தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதன் படைக்கப்படுகிறான். அடுத்த அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகே விலங்குகள் வருகின்றன. மற்ற நூல்களிலும் இத்தகைய இடங்களைக் கண்டேன். நம்பிக்கையாளர்கள் எவரும் இவற்றைக் கவனிக்கவில்லையா, அல்லது கவனித்தும் மறைத்தார்களா? முரண்படும் நூல் எப்படிப் புனிதமாக முடியும்?

கே.

அன்புள்ள கே.,

கவனித்தார்கள்; மறைக்கவும் இல்லை. நீங்கள் சுட்டும் அதே இடத்தை முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவஞானி ஃபிலோ எதிர்கொண்டார். முதல் அதிகாரத்தில் வருபவன் இறைவனின் சாயலில் அமைந்த கருத்துருவான மனிதன், இரண்டாவதில் வருபவன் மண்ணால் ஆன மனிதன் என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105), முதலில் பொதுவாகச் சொன்னதையே நூல் பின்னர் விரித்துரைக்கிறது என்றும், கேட்பவர் அதை வேறொரு கதை என்று எண்ணிவிடக்கூடும் என்றும் எழுதினார். இந்த விளக்கங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. இரு வேறு மரபுகளின் படைப்புக்கதைகள் இங்கே இணைக்கப்பட்டுள்ளன என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்வதையே நான் ஏற்கிறேன். ஆனால் இணைத்தவர் ஒன்றை விலக்கியிருக்கலாம். விலக்காமல் இரண்டையும் அருகருகே வைத்தார் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

முரணை நீக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்ற கிறித்தவ எழுத்தாளர், இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையோட்டமாகப் பின்னித் 'தியாத்தெசரோன்' என்ற நூலை உருவாக்கினார். சிரியாக் மொழித் திருச்சபைகளில் தலைமுறைகளாக அதுவே வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோடொரெட் அதன் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றி, அந்த இடத்தில் நான்கு நற்செய்திகளை வைத்தார். தாத்தியான்மீது சமயப்பிறழ்வுக் குற்றச்சாட்டு இருந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆயினும் சிக்கலற்ற ஒரு நூல் கையில் இருந்தபோதும், ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகாத நான்கு நூல்களே நிலைத்தன.

குர்ஆனின் முதல் அத்தியாயத்தில், தீர்ப்பு நாளுக்கு உரியவனைக் குறிக்கும் சொல்லை 'மாலிக்' என்று நெடிலாக ஓதினால் உடைமையாளன், 'மலிக்' என்று குறிலாக ஓதினால் அரசன். தொழுகைதோறும் ஒலிக்கும் இந்த வசனத்தில் இரண்டு ஓதல்முறைகளுமே ஏற்கப்பட்டவை.

சாந்தோக்கிய உபநிடதத்தில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயம் ஆதியில் இருந்தது அசத், அதாவது இன்மை என்கிறது. ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம், ஆதியில் சத்தே, அதாவது உள்ளதே இருந்தது என்று கூறிவிட்டு, சிலர் அசத் என்கிறார்கள், இல்லாததிலிருந்து உள்ளது எப்படிப் பிறக்கும் என்று கேட்கிறார். ஒரே உபநிடதம் தன் மற்றொரு குரலை மறுக்கிறது! முந்தைய இடத்தில் அசத் என்பதற்குப் பெயரும் வடிவும் வெளிப்படாத நிலை என்று சங்கரர் பொருள் கொண்டார். இத்தகைய வாக்கியங்களை இசைவித்துப் பொருள்காணும் பணிக்கு வேதாந்தத்தில் 'சமன்வயம்' என்றே பெயர் இருக்கிறது.

ஆகவே ஒரு நூல் பிழையற்றதாக இருப்பதால் புனிதமாகிறது என்ற உங்கள் முன்முடிவை மட்டுமே நான் மறுக்கிறேன். விட்டுவிட்டுச் செல்ல முடியாத நூல் என்று ஒரு சமூகம் அதை ஏற்றுக்கொள்கிறது. இடறும் வரியைத் திருத்தும் உரிமை தனக்கில்லை என்று கருதுவதால், அதற்கு விளக்கம் தேடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தேடலிலிருந்தே சட்டமும் தத்துவமும் வழிபாடும் கிளைக்கின்றன. யூத சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத்தின் அச்சுப்பிரதி ஒன்றைக் கண்டால் திறந்து பாருங்கள்: பக்கத்தின் நடுவே மூலம், ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் அந்த உரையோடு பல இடங்களில் மோதும் அவருடைய பேரர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எழுதிய குறிப்புகள். நீங்கள் வாசித்த மொழிபெயர்ப்புகளில் இல்லாமற்போனது அந்த ஓரங்கள்தான். சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தைச் சங்கரரின் உரையான சங்கர பாஷ்யத்தோடு மீண்டும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.