புரோஜெஸ்டிரான் மாத்திரை போட்டாலே கோபம், அழுகை: ஹார்மோன் சிகிச்சையை விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. உடம்பெல்லாம் திடீரென்று பற்றி எரிகிற மாதிரி சூடு, வியர்வை, ராத்திரி தூக்கமே இல்லை. பள்ளியில் பாடம் நடத்த முடியாமல் போனதால் டாக்டரைப் பார்த்தேன். தினமும் எஸ்ட்ரடையால் 2 மி.கி. மாத்திரையும், மாதத்தில் 12 நாட்கள் மெட்ராக்சி புரோஜெஸ்டிரான் 10 மி.கி. மாத்திரையும் கொடுத்தார். சூடு அடங்கிவிட்டது, தூக்கமும் வந்தது. ஆனால் அந்த 12 நாட்கள் வந்தாலே வயிறு உப்பி, மார்பு கனத்து, யார் பேசினாலும் எரிச்சல். காரணமே இல்லாமல் அழுகிறேன். சின்ன வயதில் மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் எனக்கு இப்படித்தான் இருக்கும். பொறுக்க முடியாமல் இரண்டு மாதமாக அந்த 12 நாள் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டேன். மற்றதைப் போடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். நாத்தனாரோ, புற்றுநோய் வரும், எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்கிறார். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். கர்ப்பப்பை எடுக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் தினமும் போடும் எஸ்ட்ரடையால் ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் இரண்டும் சேர்ந்து வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் புரோஜெஸ்டிரானின் வேலை. அது இல்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போனால் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். இரண்டு மாதத்தில் பயங்கரமாக எதுவும் நடந்திருக்காது, அதனால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். உட்சுவரின் தடிமனைப் பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதுவரை ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்தி வைத்தால் சூடும் வியர்வையும் திரும்பும், சிரமம்தான், ஆனால் ஆபத்து இல்லை. நிறுத்தியபின் ரத்தப்போக்கு வந்தால், எவ்வளவு வந்தது, எத்தனை நாள் இருந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கஷ்டத்துக்கு வருகிறேன். ஹார்மோன் சிகிச்சையே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒத்துக்கொள்ளாதது ஒரு மாத்திரை மட்டும்தான் என்று தெளிவாகத் தெரிகிறது. தினமும் போடும் ஈஸ்ட்ரோஜன் உங்களுக்கு நன்மைதான் செய்திருக்கிறது. கோபம், அழுகை, உப்புசம் எல்லாம் அந்த 12 நாட்களோடு வந்து அவற்றோடு போகின்றன. அதை நிறுத்தியதும் நன்றாகிவிட்டீர்கள். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இது உங்கள் மன பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரோஜெஸ்டிரான் உடம்பில் உடையும்போது அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் உண்டாகிறது. மூளையில் அமைதியையும் தூக்கத்தையும் கொடுக்கும் இடங்களில் அது வேலை செய்யும். பெரும்பாலானவர்களுக்குக் கண் சொருகும், அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் அதே பொருள் எதிர்மாறாக எரிச்சலையும் படபடப்பையும் கிளப்புகிறது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் மெட்ராக்சி புரோஜெஸ்டிரான் செயற்கையாகச் செய்யப்பட்ட வகை. அது உடைகிற விதம் வேறு, ஆனால் மனநிலையைப் புரட்டிப்போடுவதில் அதுவும் சளைத்ததில்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மனம் அலைபாய்ந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்களுக்கும் மெனோபாஸ் காலத்தில் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் உங்களுக்கு இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்க அது பெரிய துப்பு.

சரி, மாற்று என்ன? முதலில் நான் யோசிப்பது மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரான். நம் உடம்பில் சுரப்பதைப் போலவே அமைந்தது, கேப்ஸ்யூலாக வருகிறது. வழக்கமாக மாதத்தில் 12 நாட்கள் 200 மி.கி., அல்லது தினமும் 100 மி.கி. கொடுப்போம். உங்களுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இரண்டு முறையுமே பொருந்தும். சிலருக்கு அளவு மாறாமல் தினமும் போடுவது ஏற்ற இறக்கம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது. சிலருக்கோ மாதம் முழுவதும் தொல்லை நீள்கிறது. போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் அளவு கூடி, காலையில் தலை கிறுகிறுக்கும். சில கேப்ஸ்யூல்களில் நிலக்கடலை எண்ணெய் உண்டு, கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வாயால் விழுங்காமல் பிறப்புறுப்பின் வழியாக வைக்கலாம். குழந்தையின்மை சிகிச்சையில் பல வருடங்களாக இப்படித்தான் கொடுக்கிறோம். கர்ப்பப்பைக்குப் போய்ச் சேரும், மூளையைக் கலக்குவது குறையும். மெனோபாஸ் சிகிச்சைக்கு இது பல நாடுகளில் அனுமதிக் குறிப்பில் இல்லாத முறை. அதனால் அளவையும் நாட்களையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். காப்பர் டி மாதிரியே இருக்கும், ஆனால் செம்புக்குப் பதிலாக லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற மருந்து 52 மி.கி. இருக்கும். அது உட்சுவரிலேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஒருமுறை வைத்தால் ஐந்து வருடத்துக்கு உட்சுவருக்குப் பாதுகாப்பு. முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக ரத்தம் படலாம். இதையே தாங்க முடியாதவர்களும் மிகச் சிலர் இருக்கிறார்கள். என்றாலும் மாத்திரையால் இந்த அளவு அவதிப்பட்ட ஒருவருக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். இந்த வயதிலா இதை வைப்பது என்று நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். டிபோலோன் 2.5 மி.கி. என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. அதற்குத் தனியாகப் புரோஜெஸ்டிரான் தேவையில்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுவதால் தவிர்ப்போம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கூடவே கூடாது.

ஈஸ்ட்ரோஜன் பக்கமும் பார்க்க வேண்டும். மாதம் முழுவதும் மார்பு வலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு இருந்தால் ஈஸ்ட்ரோஜன் அளவு அதிகம் என்று சந்தேகிப்போம். உங்களுக்கு அப்படி இல்லை. இருந்தாலும் 2 மி.கி. தேவையா, 1 மி.கி.யிலேயே சூடு அடங்குமா என்று கேளுங்கள். அளவு குறைந்தால் அதற்கு ஈடாக வேண்டிய புரோஜெஸ்டிரானும் குறையலாம். தோலில் தடவும் ஜெல்லாகவும் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கும் மாத்திரையைவிட அது நல்லது. வழக்கமான அளவில் தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன், மாத்திரையைப் போல ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஒட்டுப்பட்டையும் உண்டு, ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கழன்றுவிடும், ஒட்டிய இடம் அரிக்கும். ஜெல்லைக் கையிலோ தொடையிலோ தடவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் குழந்தைகளைத் தூக்க வேண்டும்.

மருந்தை மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும். சமையலறை நாள்காட்டியில் எந்த நாள் எந்த மாத்திரை, அன்று மனநிலை எப்படி, தூக்கம் எப்படி, ரத்தம் பட்டதா என்று இரண்டு வார்த்தை எழுதி வாருங்கள். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள், லேசான உப்புசமும் மார்பு வலியும் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

தைராய்டு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கும்போது, இதுவரை போதுமாக இருந்த தைராய்டு மருந்து போதாமல் போகலாம். அப்போது வரும் சோர்வு, எடை கூடுதல், மந்தத்தை எல்லாம் ஹார்மோன் சிகிச்சையின் தலையில் போட்டுவிடுவோம். மருந்து ஆரம்பித்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். உங்களுக்குப் பார்த்தார்களா என்று எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் இப்போதே பாருங்கள்.

நாத்தனாரின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. அது 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்விலிருந்து கிளம்பிய பயம். 16,608 பெண்கள், சராசரி வயது 63. குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனோடு, உங்களுக்குக் கொடுத்த அதே மெட்ராக்சி புரோஜெஸ்டிரானைத் தினமும் கொடுத்தார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்த எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு அது சின்ன எண் இல்லை. ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், தூங்கவே முடியாத அளவு தொல்லை இருக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரானில் மார்பக ஆபத்து குறைவு என்று பிரான்சில் நடந்த தொடர் ஆய்வு காட்டியது. மருந்தை மாற்ற அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு ஏற்கனவே மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் வந்திருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ நான் எழுதியது பொருந்தாது.

எல்லாம் பார்த்தும் சரிப்படவில்லை என்றால் ஹார்மோன் இல்லாத வழியும் இருக்கிறது. வென்லஃபாக்சின், காபபென்டின் போன்ற மருந்துகள் சூட்டையும் வியர்வையையும் ஓரளவு குறைக்கும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை, தூக்கத்துக்கு நன்றாகவே உதவுகிறது. பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும், அதற்குப் பொதுவாகப் புரோஜெஸ்டிரான் தேவைப்படாது. நாட்டு மருந்து, பவுடர் எதையாவது சேர்த்துச் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே 108க்கு அழையுங்கள். சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒழுங்கில்லாமல் ரத்தம் பட்டாலோ, நின்றுபோனது புதிதாகத் தொடங்கினாலோ, சாதாரணம் என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.