கோவில்பட்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

கோவில்பட்டி என் ஊர், இப்போது ஓசூரில் வேலை. போன மாதம் நண்பர்களோடு காரைக்குடி போய்த் தங்கினோம். ஒவ்வொரு வீடும் அரண்மனை. திரும்பும்போது ஒருவன், "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்றான். கடலைமிட்டாய் என்றேன், சிரித்தார்கள். அம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார், அதைச் சொல்ல வாய் வரவில்லை. பழம்பெருமை இருக்கிற ஊருக்குத்தான் சுற்றுலாவும் பிழைப்பும் வரும் என்கிறார்கள். எங்கள் ஊருக்கு அப்படி எதுவும் கிடையாதா?

சு.

அன்புள்ள சு.,

காரைக்குடியையே எடுத்துக்கொள்வோம். அந்த வீடுகளைக் கட்டிய காசில் பெரும்பங்கு அங்கே சம்பாதித்ததில்லை. பர்மாவில் நெல் விளைவித்தவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தும், மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தும் சேர்த்தது. தேக்குகூட பர்மாத் தேக்குதான். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்ததோடு வரவு நின்றது, வீடுகள் நின்றன. இடித்த வீடுகளின் தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் ஊர் கதை வேறு. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி வாக்கில் வெள்ளாமை வீடு வந்துவிட்டால் அடுத்த மழைவரை காட்டில் வேலை கிடையாது. தீப்பெட்டிக்குக் குச்சி கேரளத்து மரத்திலிருந்து வரவேண்டும், மருந்து வெளியிலிருந்து வரவேண்டும், ஊரில் இருந்ததெல்லாம் காயவைக்க வெயிலும் சும்மா இருந்த கைகளும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே இழுத்து வந்து, திண்ணையிலும் அடுப்படியிலும் உட்கார்ந்து பெட்டி ஒட்டி, நாட்டுக்கே நெருப்பு கொடுத்த ஊர் அது. இதைச் சொல்லவா வாய் வரவில்லை?

அந்தக் கைகளில் சின்னப் பிள்ளைகளின் கைகளும் இருந்தன. விடியுமுன் கம்பெனி வண்டி கிராமம் கிராமமாகப் போய் அவர்களை ஏற்றி வந்த காலத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பெருமை பேசுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

அப்புறம் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம். குடிதண்ணீருக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் கொண்டுவரும் ஊர், கரிசல் கடலையில் வெல்லப்பாகு ஊற்றி, மேலே கலர் தேங்காய்ப்பூவும் தூவிப் பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் குறியீடு பேரைத்தான் காக்கும். தீப்பெட்டி போட்ட அளவுக்குச் சோற்றை மிட்டாய் மட்டும் போட்டுவிடாது. ஒரு ரூபாய்ப் பெட்டி 2007-லிருந்து 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டானது. அதற்குள் இயந்திரம் வந்து கைவேலையைத் தின்றது, பிறகு லைட்டர் வந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-ல் தடுத்தார்கள். சரி, அதனால் அம்மா மாதிரிப் பெண்களுக்குத் திண்ணை வேலை திரும்பி வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சுற்றுலாதான் வேண்டுமென்றால் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது, பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து பாதியில் விட்ட வெட்டுவான் கோயில். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது. ஆனால் எட்டயபுரம் நிரம்புவது சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு! நண்பர்களை அன்றைக்குக் கூட்டிப் போங்கள், விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் ஆடும் இருக்காது ஆளும் இருக்காது.

எனக்கு ஒரு ஆசை உண்டு. பழைய தீப்பெட்டி லேபிள்கள், குச்சி அடுக்கிய சட்டம், கூலி எழுதிய நோட்டு, இதையெல்லாம் உங்கள் ஊரில் யாராவது ஒரு அறையில் சேர்த்து வைக்க வேண்டும். நீங்களே ஆரம்பிக்கலாம். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினால் எந்த வருஷம் என்ன கூலி வாங்கினார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.