இரண்டு அடைக்குச் சுருங்கிய தேனீக் கூட்டம்: புழுவை விரட்டுமுன் பெட்டியைச் சுருக்குங்கள்

கேள்வி: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஐந்து தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் தேன் எடுத்தபோது ஐந்துமே நன்றாக இருந்தன. இப்போது ஆகஸ்டில் ஒரு பெட்டியில் மட்டும் ஈக்கள் இரண்டு அடைக்குக் குறைந்துவிட்டன. மற்ற அடைகளில் வெள்ளை நூலாம்படையும் புழுவும் இருக்கின்றன. பெட்டிக்காலில் எறும்பு ஏறுகிறது. புழுவுக்கு மருந்து தெளிக்கலாமா? நல்ல பெட்டியிலிருந்து ஓர் அடை எடுத்து வைத்தால் தேறுமா?

பதில்: மருந்து தெளிக்காதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து புழுவோடு தேனீயையும் கொல்லும். மிஞ்சியது மெழுகில் ஊறித் தேனிலும் கலக்கும். புழு வந்து கூட்டம் மெலிவது அபூர்வம், கூட்டம் மெலிந்த பிறகுதான் புழு பெருகும். இந்தப் புழுவின் தாயான மெழுகு அந்துப்பூச்சி இரவில் எல்லாப் பெட்டிக்கும்தான் வருகிறது. ஆறேழு அடையிலும் ஈ நெருங்கி நிற்கும் பெட்டியில், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழுவை ஈக்களே கவ்வி வெளியே எறிந்துவிடும். ஈ நிற்காத அடையில் அந்தக் காவல் இல்லை.

ஆகவே ஈ மூடாத அடைகளை இன்றே வெளியே எடுங்கள். கூடவே, கூட்டம் ஏன் மெலிந்தது என்று கண்டுபிடியுங்கள். காரணம் தெரியாமல் நல்ல பெட்டியின் அடையைக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வீணாகும். காரணம் நோயாக இருந்தால் மற்ற நான்கு பெட்டிகளுக்கும் ஆபத்து.

திறக்குமுன் வாசல் அருகே பக்கவாட்டில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு ஈக்கள் நேராக உள்ளே போனால் ராணி இருக்க வாய்ப்பு அதிகம். வாசலில் கட்டிப்பிடித்துச் சண்டை நடந்தால், மெலிந்த பெட்டியின் தேனைப் பக்கத்துப் பெட்டி கொள்ளையடிக்கிறது. நாக்கை நீட்டியபடி ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால் அருகில் யாரோ மருந்து அடித்திருக்கிறார்கள்.

மழை விட்ட நாளில், வெயில் ஏறியபின் காலை 9 மணிக்கு மேல் திறக்கலாம். புகை இரண்டு ஊது போதும். நம் ஊர் இந்தியத் தேனீ இத்தாலியத் தேனீ போல அடையில் அமைதியாக ஒட்டி நிற்காது. புகை கூடினாலோ பெட்டி அதிர்ந்தாலோ அடையை விட்டு ஓடி மூலையில் கொத்தாகத் தொங்கும். அப்புறம் ராணியைப் பார்க்கவே முடியாது. ஓரத்தில் அடையைத் தாங்கும் சட்டத்தை முதலில் எடுத்துத் தனியே வைத்து, கிடைத்த இடைவெளியில் மற்றவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தித் தூக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தேனும் கீழே சிந்தக் கூடாது.

ராணியைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அடையைச் சற்றுச் சாய்த்து, வெயில் அடையின் சிறு அறைகளின் அடியில் விழும்படி பிடியுங்கள். அறைக்கு ஒன்றாக, அடிமட்டத்தின் நடுவில் வெள்ளை நூல்துண்டு போல முட்டை நின்றால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறது. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் ராணி இல்லை, பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன. இந்தியத் தேனீயில் ராணி போன சில நாட்களிலேயே இது தொடங்கிவிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈ மட்டுமே வரும்.

ஆண் ஈ அறைகளைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் பலர். மூடி கூம்பாக எழும்பி, உச்சியில் ஊசிமுனை அளவு துளை இருக்கும். அது நோயல்ல, இந்தியத் தேனீயின் இயல்பே அப்படி. அடிப்பலகையில் தவிட்டு நிறத்தில் மெழுகுத் துகள் கிடப்பதும் அப்படித்தான். பழைய கருத்த அடையை இந்த ஈக்களே கடித்து உதிர்க்கும். ஆனால் அந்தத் துகளை வாரக்கணக்கில் அள்ளாமல் விட்டால் மெழுகுப்புழு வளர அதுவே போதும்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. மூடிய தேனீக் கூட்டுப்புழு அறைகளின் நடுவே ஒரு நேர்கோட்டில் சில அறைகள் மட்டும் திறந்து, வெள்ளைத் தலைகள் தெரிகின்றனவா? அந்த வரிசைக்கு அடியில் மெழுகுப்புழு சுரங்கம் போட்டுப் போகிறது. சட்டத்தின் ஓரத்தை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள், புழு அசைந்து வெளியே தலைகாட்டும். நூல் படிந்த பாதையை ஊக்கால் கீறிக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். ஒன்றிரண்டு புழு மட்டுமென்றால் அடையை எறிய வேண்டியதில்லை.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. அறையில் தேனீயின் புழு நீட்டிப் படுத்து, தலை மேல்நோக்கி வளைந்து, படகு போலச் செத்துக் கிடக்கிறதா? பல்குத்தும் குச்சியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே நீர் கோத்த சிறு பை போல முழுசாக வெளிவந்தால் அது தாய் சாக்புரூட் (Thai sacbrood) நச்சுயிரி நோய். 1991-92இல் மார்த்தாண்டம் உட்படத் தென்னிந்தியா முழுவதும் பெட்டிகளைக் காலியாக்கியது இதுதான். இதற்கு மருந்து கிடையாது. நச்சுயிரியிடம் ஆன்டிபயாடிக் எடுபடாது, யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தேனீப் புழு உள்ள அடைகளை எடுத்து எரித்துவிட்டு, ராணியைக் கூண்டில் அடைத்து இரண்டு மூன்று வாரம் முட்டையிடாமல் நிறுத்துவதும், சர்க்கரைப்பாகு கொடுப்பதும், பிறகு நோய் தாக்காத கூட்டத்தின் வழிவந்த ராணிக்கு மாற்றுவதும்தான் வழி. அந்தப் பெட்டியின் அடை, தேன், சட்டம் எதுவும் மற்றப் பெட்டிக்குப் போகக் கூடாது. கையையும் கருவியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த பெட்டியைத் தொடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறப்பது நல்லது.

நீங்கள் சொல்லும் இடத்தையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால் பசியும் பெரிய காரணமாக இருக்கலாம். ரப்பர் தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் தேன் ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். ரப்பர் தேனைக் கொடுக்குமே தவிர மகரந்தத்துக்கு உதவாது. அதன்பின் தென்மேற்குப் பருவமழை. உள்ளே இருப்புத் தேன் இல்லையென்றால் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். ராணி இருந்தும் முட்டை அறவே இல்லை, தேனும் இல்லை, ஈக்கள் அமைதியின்றி ஓடுகின்றன என்றால் கூட்டம் பெட்டியை விட்டுப் பறக்கத் தயாராகிறது. அன்று மாலையே பாகு கொடுங்கள்.

முட்டை சரியாக இருந்து, தேனீப் புழுவில் நோயும் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். ஈ மூடிய இரண்டு அடைகளை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் எடுங்கள். இரண்டையும் பெட்டியின் ஒரு சுவரோடு ஒட்டித் தள்ளி, அடுத்து ஒரு தடுப்புப் பலகையை இறக்குங்கள். தேனீப் புழு வளர 33 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். இரண்டு அடை ஈக்களால் பெட்டி முழுவதையும் சூடாக வைத்திருக்க முடியாது. மேலே உள்ள தேன் அறையையும் எடுத்துவிடுங்கள். வாசலை 3 செ.மீ. நீளம், 6 மி.மீ. உயரத்துக்குக் குறையுங்கள். காவல் ஈ நாலைந்து நின்றாலே சமாளிக்கலாம், பெரிய குளவிகளும் நுழையத் திணறும்.

அடிப்பலகையைக் கழற்றிச் சுரண்டி, துகளை எரித்து, பலகையை வெயிலில் போடுங்கள். இதை வாரம் ஒருமுறை தொடருங்கள். அந்துப்பூச்சி முட்டையிடுவது விரிசலிலும் இடுக்கிலும். இந்தியத் தேனீ பிசின் சேர்த்து விரிசலை அடைப்பதில்லை. அதனால் உருக்கிய மெழுகை ஊற்றி நீங்கள்தான் அடைக்க வேண்டும். பலகையில் படகு வடிவில் சிறு பள்ளங்கள் தெரிந்தால் முற்றிய புழு அங்கே மரத்தைக் குடைந்து கூடு கட்டியிருக்கிறது. அந்தக் கூடுகளையும் சுரண்டி எடுங்கள்.

பாகுக்கு 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீர். சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் நிற்க நாலு சுள்ளி போட்டு, இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வைத்தால் மற்ற நான்கு பெட்டி ஈக்களும் மணம் பிடித்து வந்துவிடும். காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, அடுத்த தடவை அளவைக் குறையுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு தடவை.

எறும்புக்கு: தாங்கியின் காலை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, ஆவியாகாமல் இருக்க மேலே கொஞ்சம் பழைய எண்ணெய் விடுங்கள். சுற்றியுள்ள புல்லை வெட்டுங்கள். பெட்டியை உரசும் ஒரு ரப்பர் இலை போதும், எறும்புக்கு அது பாலம். எறும்புப் பொடி வேண்டாம்.

வெளியே எடுத்த அடைகளில் நூலாம்படை நிறைந்ததை அன்றே வெட்டி உருக்குங்கள், திண்ணையில் வைத்தால் மற்றப் பெட்டிகளுக்கும் அந்து பரவும். நல்ல அடைகளைப் பாலித்தீன் பையில் கட்டி வீட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் வையுங்கள். கந்தகப் புகை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதைப் பயன்படுத்தினால் பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நோய் இல்லை என்று உறுதியானால் மட்டும் அடை கொடுக்கலாம், அதுவும் ஈ வெளிவரும் நிலையிலுள்ள மூடிய கூட்டுப்புழு அடையாக. மூடாத தேனீப் புழு உள்ள அடையைக் கொடுத்தால் ஊட்டவும் சூடாக்கவும் ஈ போதாது, புழு குளிரில் செத்து நாறும். அடையை எடுக்குமுன் அந்தப் பெட்டியின் ராணி அதில் இல்லை என்று இருபக்கமும் பார்த்து, ஈக்களை அங்கேயே உதறிவிடுங்கள்.

ராணியே இல்லை என்றால் புது ராணி வளர்க்கும் முயற்சி இந்த மாதத்தில் வேண்டாம். ராணி வெளிவரவே பதினைந்து பதினாறு நாள் ஆகும். அதன்பின் கலவிப் பறப்புக்கு மழை விட வேண்டும், ஆண் ஈயும் வேண்டும். இரண்டு அடை ஈக்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. நோயில்லாத கூட்டமென்றால் அடுத்த பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். நாளுக்கு ஓரடி வீதம் பெட்டியை நகர்த்தி அருகே கொண்டுவந்து, ஒரு மாலை வேளையில், ராணியுள்ள பெட்டியின் மேல் ஊசித்துளை போட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இந்த மெலிந்த கூட்டம் உள்ள பெட்டியறையை வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்துக் கலந்துவிடும். அக்டோபருக்குமேல் அந்தப் பெட்டி பெருகும்போது பிரித்து, மீண்டும் ஐந்தாக்கலாம்.

சுருக்கிய பெட்டியின் அடைகளை ஏழாம் நாள் மட்டும் எடுத்துப் பாருங்கள். இடையில் அடையைத் தூக்கினால் கூட்டம் ஓடிப்போகும். புது முட்டை இரண்டு அடையிலும் பரவியிருந்தால், ஈ தடுப்புப் பலகையைத் தாண்டி நெருங்கி நிற்கும்போது மூன்றாவது அடையைச் சேருங்கள். அடுத்த ஏப்ரலில் தேன் எடுக்கும்போது தேன் அறையை மட்டும் எடுத்து, அடியில் தேனீப் புழு வளரும் அறையின் தேனைத் தொடாமல் விடுங்கள்.