ஈரமும் குளிரும்

அன்புள்ள ஐயா,

அம்மா ஏழு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து போன மாதம் இறந்துவிட்டார். தம்பி அத்தனை நாளும் கூடவே இருந்தான். ஆனால் ஒருநாள்கூட அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசியதில்லை. மாத்திரை கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, நகம் வெட்டுவது என்று எந்திரம்போல வேலை பார்ப்பான், எழுந்து போய்விடுவான். நான் வரும்போதெல்லாம் அழுவேன். அவன் கண்ணில் ஒரு சொட்டு வராது. இப்படியொரு சில்லிட்ட இதயம் பிறவியிலேயே வருமா? அவனை நான் எப்படி மன்னிப்பது?

ச.

அன்புள்ள ச.,

பிறவியா வளர்ப்பா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். மன்னிப்பு கிடக்கட்டும். இரண்டு நாளாக என்னைக் குடைவது உங்கள் 'சில்லிட்ட இதயம்'தான். எந்த டப்பிங் படத்தில் பிடித்தீர்கள்? தமிழில் மனம் குளிர்ந்தால் நல்லது. உள்ளம் குளிர வாழ்த்துகிறோம், கண் குளிரப் பார்க்கிறோம். பனியில் விறைத்தவனுக்கு அன்பு கதகதப்பு. வெயிலில் வெந்தவன் மொழியில் அது தண்ணீர்ப் பக்கம் நிற்கிறது. அன்பற்றவனை நெஞ்சில் ஈரமில்லாதவன் என்போம். அன்பில்லாத வாழ்க்கை வன்னிலத்தில் வற்றல் மரம் தளிர்ப்பது மாதிரி என்கிறது குறள் 78. 91ஆம் குறள் இன்சொல்லை 'ஈரம் அளைஇ' என்கிறது, ஈரம் கலந்தது என்று.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. சூடா குளிரா என்பது தொட்டாலே தெரிந்துவிடும். ஈரம் அப்படியா? மேல்மண் பொரிந்து கிடக்கும். ஒரு சாண் தோண்டினால் கையில் ஒட்டும்.

பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து வந்தேன். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சித்திதான் என் காலை இழுத்துத் தன் மடியில் போட்டு, சதையில் புதைந்திருந்த சரளைக்கற்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் போட்ட கூச்சலுக்கு 'ஆடாதே' என்ற ஒரே பதில். ராட்சசி என்று திட்டினேன். கழுவும் முன் வெந்நீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள், இரண்டு முறை. அன்றே என் கண்ணில் பட்டதுதான். மண்டையில் ஏற முப்பது வருடம் ஆனது.

வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1889இல் பென்சில்வேனியாவில் மாணவர்களிடம் விடைபெறும்போது இதைத்தான் பேசினார்: மருத்துவருக்கு முதலில் வேண்டியது கலங்காமை, உணர்ச்சி நல்லதுதான், கையின் நிதானத்தைக் கெடுக்காதவரை. சித்தி அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

உங்கள் அழுகையைக் குறை சொல்லவில்லை, நானும் அழுமூஞ்சிதான். விட்டுவிட்டு வந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் அம்மா இன்னும் கொஞ்சம் கரைந்திருப்பாள். அந்த அடி உங்களுக்கு மட்டும் விழுந்தது, தெரிகிறது. ஆனால் நீங்கள் அழுதுவிட்டுக் கிளம்பினீர்கள். மறுநாள் காலை டயப்பர் மாற்றியவன் அவன்.

வயதானவர்கள் நகத்தை எப்போதாவது வெட்டியிருக்கிறீர்களா? தடித்துப்போயிருக்கும், எது நகம் எது சதை என்று தெரியாது. வெந்நீரில் ஊறவைத்து, விரல்விரலாகப் பிரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். அம்மா கையை அவன் பிடித்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நகம் வெட்டினான் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கையைப் பிடிக்காமல் எப்படியம்மா நகம் வெட்டுவது?